ஒன்றாம் நம்பர் பொடி, மூன்று பொட்டலம்

அன்று அக்கா வீட்டில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும், "நான் அங்கே இல்லவே இல்லை" என்று நழுவக் கூடாது பாருங்கள்.

ஒன்று, என் அக்கா லோகம்மாள். இரண்டு, அவள் புருஷன் தணிகாசலம். எனக்கு மாமா, மயிலாப்பூர் டிராம் வண்டியில் கண்டக்டர். கட்டிலில் படுத்திருந்தார். மூன்று, பக்கத்துப் போர்ஷன் ரங்கய்ய நாயுடு. மில் ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். நான்கு, வாசற்படியில் கூடையை இறக்கி வைத்திருந்த மீன்கார அன்னம்மா. சாந்தோம் கடற்கரைக் குப்பத்துக்காரி. ஐந்து, நான்.

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. ஐந்து பேரில் நாலு பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும். தெரியாத ஒருத்திதான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டாள்.

இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். பாதி கோபத்தில். மீதிப் பாதி எதனால் என்று போகப் போகச் சொல்கிறேன்.

மாமாவுக்கு ஒரு மாதமாக இடுப்பு வலி. இடுப்பில் பிடித்து, வலது தொடை வழியாக இறங்கி, கால் சுண்டுவிரலில் போய் முடிகிற வலி. பதினைந்து வருஷம் ஓடுகிற வண்டியில் நின்றுகொண்டே டிக்கெட் கிழித்தால் வேறென்ன வரும்? லீவு போட்டார். குளத்துப் பக்கம் இருக்கிற ஒரு டிஸ்பென்ஸரி டாக்டர் பார்த்துவிட்டு, மூன்றாம் நம்பர் பொடி எழுதிக் கொடுத்தார். நாளைக்கு நான்கு வேளை, வேளைக்கு ஒரு பொட்டலம்.

அந்த டிஸ்பென்ஸரியில் வலிக்கு மூன்று பொடி உண்டு. ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர், மூன்றாம் நம்பர். மூன்றும் வெள்ளை. மூன்றும் ஒரே மாதிரி மடிப்பு. கடுதாசிப் பஞ்சம் வந்ததிலிருந்து, கிழித்த காலண்டர் தாளில்தான் மடிக்கிறார்கள். விலையில் மட்டும் வித்தியாசம். ஒன்றாம் நம்பர் ஓர் அணா, இரண்டாம் நம்பர் இரண்டணா, மூன்றாம் நம்பர் மூன்றணா. எங்கள் பேட்டையில் இந்த நம்பர் தெரியாதவர் கிடையாது. "உனக்கு எத்தனாம் நம்பர்?" என்று கேட்டால் போதும், எவ்வளவு வலி என்று தெரிந்துவிடும்.

மூன்றாம் நம்பர் மாமாவுக்குக் கேட்டது. நாலு நாள் நிம்மதியாகத் தூங்கினார். வெள்ளிக்கிழமை பொடி தீர்ந்தது. வாங்கி வர நான் போனேன்.

கூட்டம். கம்பவுண்டர் ஏழுமலை தலையை நிமிர்த்தாமலே பேசினார். "மூணாம் நம்பர் இல்ல சார். சரக்கு வரல. டாக்டரும் காஞ்சீபுரம் கல்யாணத்துக்குப் போய்க்கீறாரு, ஞாயித்துக்கெழமதான் வருவாரு. அதுவரைக்கும் ஒண்ணாம் நம்பர் போட்டுக்கினு இருக்கச் சொல்லு."

இந்த இடத்தில் நான் ஒரு கணக்குப் போட்டேன்.

மூன்றாம் நம்பர் இல்லை. ஒன்றாம் நம்பர் இருக்கிறது. மூன்று ஒன்று சேர்ந்தால் மூன்று. சரிதானே? இந்த யுத்த காலத்தில் நாம் வேறு என்ன பழகியிருக்கிறோம்? அரிசி போதவில்லையா, கோதுமையைக் கூட்டிக்கொள். பெரிய ஆணி இல்லையா, சின்ன ஆணி இரண்டு அடி. ரேஷன் கார்டில் ஒரு ஆளுக்கு இவ்வளவு என்றால், மூன்று ஆளுக்கு மூன்று மடங்கு. நான் வேலை பார்க்கிற அச்சாபீசிலும் அப்படித்தான். பன்னிரண்டு பாயிண்ட் எழுத்து ஆறு பாயிண்டுக்கு இரண்டு பங்கு. நம்பர் என்றால் அளவு. வேறு எதற்கு நம்பர் போடுவார்கள்?

விலையும் ஒத்துப் போயிற்று. மூன்றாம் நம்பர் எட்டுப் பொட்டலம் வாங்கினாலும் இருபத்து நாலு அணா. ஒன்றாம் நம்பர் இருபத்து நாலு வாங்கினாலும் இருபத்து நாலு அணா. இரண்டு நாளைக்குச் சரியாக வரும். இருபத்து நாலு பொட்டலம் கேட்டேன். ஏழுமலை எண்ணிக் கொடுத்து, மாமா பேரில் பற்று எழுதிக்கொண்டார். டாக்டர் இரண்டு நாளில் வந்துவிடுவார் என்று சொன்ன அதே மனுஷன், இருபத்து நாலு எதற்கு என்று கேட்டாரா? கேட்கவில்லை. நானாவது, "மூன்று மூன்றாகப் போடலாமா?" என்று கேட்டேனா? கேட்கவில்லை. எனக்குப் பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். கேட்டால் சிரிப்பார்களோ என்று ஒரு கூச்சம்.

என்னைப் பல வருஷமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் எப்படிப்பட்ட பயந்தாங்கொள்ளி என்று. பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பவன். தபால்காரன் வேகமாக வந்தால் யாரோ செத்துப்போனதாக நினைப்பவன். அப்பேர்ப்பட்டவன் அன்று துளிக்கூடப் பயப்படவில்லை. பயந்தவனுக்கு ஒரு கணக்கு கிடைத்துவிட்டால் போதும், எங்கிருந்தோ தைரியம் வந்துவிடுகிறது.

வீட்டில் நாயுடு என் கணக்கைக் கேட்டுவிட்டு, "கரெக்ட்" என்றார். மில் ஆபீஸ் கணக்கே கரெக்ட் என்று சொன்ன பிறகு அக்கா என்ன செய்வாள்? வேளைக்கு மூன்று பொட்டலம் பிரித்து, தேனில் குழைத்துக் கொடுத்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மாமா என்னைக் கூப்பிட்டு, "மச்சான், வாசல்ல டிராம் போவுதா?" என்று கேட்டார். அந்தத் தெருவில் டிராமும் இல்லை, தண்டவாளமும் இல்லை. காதுக்குள் மணி அடிக்கிறது என்றார். நாங்கள் சிரித்தோம். வாசகர்களே, சிரித்தோம். லீவு போட்டாலும் டிராம் உங்களை விடவில்லை பாருங்கள் என்றார் நாயுடு. அக்காகூடச் சிரித்துக்கொண்டே, கம்பெனிக்காரன் இதற்கும் சம்பளம் தருவானா என்று கேட்டாள். மாமாவும் கொஞ்சம் சிரித்தார். ஊரில் வேறு எவனாவது காதில் மணி அடிக்கிறது என்று சொல்லியிருந்தால் உடனே டாக்டரிடம் ஓடியிருப்போம். சொன்னவர் டிராம் கண்டக்டர். அதனால் அது எங்களுக்கு வேடிக்கையாகப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் சிரிக்கவில்லை. "மணி நிக்கவே இல்ல மச்சான்," என்றார். "ரெண்டு மணி அடிச்சா வண்டி கெளம்பணும். இது அடிச்சுக்கினே கீது. கெளம்ப மாட்டேங்குது."

குரல் மட்டும் வழக்கத்துக்கு மேல் பெரிதாக இருந்தது. அதையும் நான் கவனித்தேன். கவனித்து என்ன பயன்?

அப்போதுதான் அன்னம்மா வந்தாள். அவளுக்கும் மாமாவுக்கும் வாராவாரம் ஒரு பேரம் உண்டு. அவள் ஒரு விலை சொல்வாள். மாமா கட்டிலில் இருந்தபடியே அதில் பாதி கேட்பார். இவள் அவர் சம்பளத்தை இழுப்பாள், அவர் இவள் தராசை இழுப்பார். அன்று அவள் மூன்று தடவை விலை சொன்னாள். மாமா முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா கண்டக்டரே, காதுல வாங்கலியா?" என்றாள். பிறகு கூடையை விட்டுவிட்டு எழுந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். "ஏம்மா லோகா, படுத்துக்கினு கீற மனுசனுக்கு ஏன் இப்டி எறைக்குது? ஓடி வந்தவன் மாதிரி மூச்சு வாங்குறாரே."

பார்த்தோம். மார்பு ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நெற்றி முழுக்க வேர்வை. காலையிலிருந்து எங்கள் எதிரிலேயே அப்படித்தான் இருந்திருக்கிறார். வலி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

"இன்னா மருந்து குடுத்தீங்க?"

பொடி என்றாள் அக்கா. வேளைக்கு மூன்று பொட்டலம்.

"டாக்டரு மூணுன்னு எழுதிக் குடுத்தாரா?"

அக்கா நாயுடுவைப் பார்த்தாள். நாயுடு என்னைப் பார்த்தார். நான் யாரைப் பார்ப்பது?

டிஸ்பென்ஸரிக்கு ஓடினேன். டாக்டர் அப்போதுதான் ஊரிலிருந்து திரும்பி, ஜட்கா வண்டியை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பெட்டியை உள்ளே வைக்கக்கூட இல்லை. அதே ஜட்காவில் என்னோடு வந்தார். நாடியைப் பிடித்தார், மூச்சை எண்ணினார். அக்காவிடம், "காதுல ஏதாவது சத்தம் கேக்கறதுன்னாரா?" என்று கேட்டார்.

டிராம் மணி என்று சொன்னார், என்றாள்.

"அது டிராம் இல்லேம்மா. ஆஸ்பிரின்."

எத்தனை பொட்டலம் உள்ளே போயிருக்கிறது என்று கேட்டார். வெள்ளி ஆறு, சனி பன்னிரண்டு, அன்று காலை மூன்று. இருபத்தொன்று. இந்தக் கணக்கை மட்டும் நான் தப்பில்லாமல் சொன்னேன். "யார் ஓய் மூணு மூணா கொடுக்கச் சொன்னது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். மூன்று ஒன்று, மூன்று இல்லையா என்றும் கேட்டுத் தொலைத்தேன். அவர் கட்டிலில் கிடந்த காலிப் பொட்டலத்தின் காலண்டர் தாளை எடுத்து, பின்பக்கம் பென்சிலால் எழுதிக் காட்டினார்.

அந்தப் பொடியில் இரண்டு சரக்கு. ஒன்று ஆஸ்பிரின். இன்னொன்று கோடீன், அபினியிலிருந்து எடுப்பது. கிரெயின் என்று ஒரு எடையில் இவற்றை நிறுப்பார்களாம், குன்றிமணியில் பாதி. ஒன்றாம் நம்பரில் கோடீன் அரைக்கால் கிரெயின், அதாவது எட்டில் ஒரு பங்கு. இரண்டாம் நம்பரில் கால். மூன்றாம் நம்பரில் அரை. சரி, ஆஸ்பிரின்? ஒன்றாம் நம்பரில் பத்து கிரெயின். இரண்டாம் நம்பரில் பத்து. மூன்றாம் நம்பரிலும் பத்தே பத்து.

நம்பர், கோடீனுக்கு மட்டும்தான். ஆஸ்பிரினுக்கு நம்பரே கிடையாது.

மாமாவுக்கு வேளைக்குப் பத்து கிரெயின் போக வேண்டிய இடத்தில் நான் முப்பது அனுப்பியிருக்கிறேன். இருபத்தொரு பொட்டலத்தில் இருநூற்றுப் பத்து. அதுவும் எதற்காக? கோடீன் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக. அதுவாவது சரியாக இருந்ததா? மூன்று அரைக்கால் அரை ஆகுமா? ஆகாது. நாலு வேண்டும். என் கணக்கு அதிலும் தப்பு.

பிறகொரு நாள் காபி குடிக்கும்போதுதான் எனக்கு இது முழுசாக விளங்கியது. மூன்று டம்ளர் காபி. மூன்றிலும் பால் ஒரே அளவு. முதல் டம்ளரில் டிகாக்ஷன் ஒரு ஸ்பூன், அடுத்ததில் இரண்டு, கடைசியில் நாலு. ஸ்ட்ராங் காபி வேண்டும் என்று முதல் டம்ளர் காபியை மூன்று தடவை வாங்கிக் குடித்தால்? வயிறு முழுக்கப் பால். ஸ்ட்ராங்கும் வந்து சேரவில்லை.

பாலாக இருந்தால் வயிறு உப்புசத்தோடு போய்விடும். இது ஆஸ்பிரின்.

ஜட்காவில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வழியில் இரண்டு முறை வாந்தி எடுத்தார். இரண்டாவது காபிப் பொடி நிறத்தில் இருந்தது, வயிற்றில் கசிந்த ரத்தமாம். வார்டில் சோடா உப்புக் கரைத்த தண்ணீராகக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். உயிருக்கு மோசமில்லை என்று திங்கட்கிழமை காலை சொன்னார்கள். காது? பார்க்கலாம் என்றார்கள்.

மாமாவுக்கு நாங்கள் பேசுவது ஒன்றும் கேட்கவில்லை. அக்கா காதோடு வாயை வைத்துக் கத்தினாள். அவர் அவள் உதட்டையே பார்த்தார். கண்டக்டருக்குக் காதுதானே கை கால் எல்லாம்? ஏறுகிறவர் "நில்லு" என்றால் கேட்க வேண்டும், இறங்குகிறவர் "ஹோல்டான்" என்றால் கேட்க வேண்டும். டிரைவர் முன்னால் இருந்து எதையாவது சொன்னால் கேட்க வேண்டும். காது கேட்காதவரை எந்தக் கம்பெனி வண்டியில் ஏற்றும்? இதெல்லாம் என் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. மாமா மனசிலும் அதுதான் ஓடியிருக்கிறது. தன் குரல் எவ்வளவு பெரிசு என்று அவருக்குத் தெரியவில்லை. வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டார்:

"வேல போயிடுமா மச்சான்?"

போகாது என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பகல் ஒரு தோட்டி அலுமினியத் தட்டைக் கீழே போட்டான். மாமா முகத்தைச் சுளித்துக்கொண்டு, "மெதுவா வெச்சா கொறைஞ்சா போயிடுவே?" என்றார். அக்கா அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். திட்டியவரை விட்டுவிட்டு இந்தம்மாள் ஏன் அழுகிறாள் என்று அவன் திருதிருவென்று விழித்தான்.

மணியும் அன்று சாயங்காலம் நின்றது.

அதுவரை எனக்குப் பயம். அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. புதன்கிழமை காலை டிஸ்பென்ஸரிக்குப் போனேன். எனக்கு முன்னால் ஆழ்வார்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெரியவர் நின்றார். இரண்டாம் நம்பர் தீர்ந்துவிட்டது என்றார் ஏழுமலை. அந்த மனுஷன் யோசிக்கவே இல்லை.

"அப்ப ஒண்ணாம் நம்பரே ரெண்டு ரெண்டா போட்டுக்குறேன். பன்னெண்டு குடு நைனா."

ஏழுமலை எண்ண ஆரம்பித்தார். மறுபடியும் எண்ண ஆரம்பித்தார். நான் அந்தப் பெரியவரின் கையைப் பிடித்து, வாங்காதீர்கள் என்றேன். நீ யார், டாக்டரா என்றார். இல்லை. கம்பவுண்டரா? இல்லை. பின்னே உனக்கு என்ன? என் மாமா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். கையை உதறிக்கொண்டார். ஆனால் பொட்டலத்தை வாங்கவில்லை.

ஏழுமலைக்குக் கோபம். "யாவாரத்தக் கெடுக்காத சார். மூணு போடச் சொல்லி நான் சொன்னேனா? நீ கேட்ட, நான் குடுத்தேன். பாத்தா படிச்சவரு மாதிரி கீற, உனக்குத் தெரியாதா?"

சுருக்கென்றது. நான் இரண்டாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துக்கூட்டியதெல்லாம் அச்சாபீசில், தலைகீழ் எழுத்தில். ஆனால் கேட்கிறேன்: பி.ஏ. படித்திருந்தால் மட்டும் எனக்கு என்ன தெரிந்திருக்கும்? காலண்டர் கடுதாசியில் வெள்ளைப் பொடி. அதில் பி.ஏ. எதைப் படிப்பார்?

மாமா கிழிக்கிற ஓர் அணா டிராம் டிக்கெட்டைப் பாருங்கள். எங்கே ஏறினாய், எங்கே இறங்க வேண்டும், எத்தனை காசு, எல்லாம் அதில் அச்சில் இருக்கிறது. அந்த ஓர் அணாப் பொட்டலத்தை நான் விரித்துப் பார்த்தேன். அது ஒரு வெள்ளிக்கிழமைத் தாள். திதி இருந்தது. நட்சத்திரம் இருந்தது. ராகுகாலம் பத்தரை முதல் பன்னிரண்டு வரை என்று தெளிவாக இருந்தது. உள்ளே இருப்பது என்ன, எத்தனை கிரெயின் என்று மட்டும் இல்லை. ராகுகாலம் தெரியாமல் யாராவது செத்திருக்கிறார்களா?

சத்தம் கேட்டு டாக்டர் திரைக்குப் பின்னாலிருந்து வந்தார். பொடியில் என்ன இருக்கிறது என்று எழுதினால் ஜனங்கள் தாங்களே வைத்தியம் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள் என்றார். சார், எழுதாமல் இருந்தபோது நாங்கள் என்ன பார்த்தோம் என்று கேட்டேன். நம்பர் போட்டது அவர்கள் சௌகரியத்துக்காம். இருக்கட்டும். அந்த நம்பரைக் கூட்டலாம், பெருக்கலாம் என்று விலையில் சொல்லிக் கொடுத்தது யார்? ஓர் அணா, இரண்டணா, மூன்றணா என்று வைத்தது யார்?

நானே அச்சடித்துத் தருகிறேன், காசு வேண்டாம், ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு சீட்டு ஒட்டுங்கள் என்றேன். பார்க்கலாம் என்றார். இந்தப் 'பார்க்கலாம்' என்ற வார்த்தையை வைத்தியர்கள் எந்தக் காலேஜில் படிக்கிறார்களோ. அதோடு ஒரு அட்டையில் தம் கையாலேயே, 'எந்த நம்பரானாலும் வேளைக்கு ஒரே பொட்டலம்' என்று எழுதி மாட்டச் சொன்னார். மாட்டினார்கள். நேற்று அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். அட்டை அங்கேயேதான் இருக்கிறது. அதன் மேல் ஏழுமலையின் துண்டு தொங்குகிறது.

ஆகவே நீங்கள்தான் கேட்க வேண்டும். உள்ளே எத்தனை சரக்கு? ஒவ்வொன்றும் எவ்வளவு? நம்பர் எந்தச் சரக்குக்கு? பின்னால் பத்துப் பேர் நின்றாலும் கேளுங்கள், சிரித்தால் சிரிக்கட்டும். டாக்டர் பொடி ஒரு பக்கம், தலைவலிக்கென்று கடையில் வாங்கின மாத்திரை ஒரு பக்கம் என்று இரண்டையும் சேர்த்துப் போடுகிறவர்களும் கேளுங்கள். பேர் வேறு, விலை வேறு. உள்ளே அதே ஆஸ்பிரினாக இருக்கலாம். வயிற்றுக்குள் போனால் எல்லாம் ஒரே கணக்கு.

மாமா இந்தத் திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டார். வலி இன்னும் இருக்கிறது. மூன்றாம் நம்பர் வந்துவிட்டது, வேளைக்கு ஒன்று. நான் வேண்டுமென்றே அவர் வண்டியில் லஸ் வரைக்கும் போனேன். பின்னால் ஒரு கிழவி மெல்லிய குரலில் "நிறுத்துப்பா" என்றாள். மாமாவுக்குக் கேட்டது. இறக்கிவிட்டு இரண்டு மணி அடித்தார். வண்டி கிளம்பியது.

மிச்சமிருந்த மூன்று பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தால் மூன்றணா தள்ளுவதாக ஏழுமலை சொல்லியனுப்பியிருக்கிறார். தரமாட்டேன், அவை என் மேஜைக்குள் பத்திரமாக இருக்கின்றன. உள்ளே இருப்பது இன்னது, இவ்வளவு என்று பொட்டலத்தின் மேல் எழுதி ஒட்டுகிற அன்றைக்கு மாமா பேரில் இருக்கிற பற்றை நானே போய்க் கட்டுகிறேன். அதுவரை டிஸ்பென்ஸரிக்கு என் பாக்கி, ஒரு ரூபாய் எட்டணா.